இப்திஹால் மிஸ் குத்திவிட்ட பச்சை ரிப்பன்

இப்திஹால் பள்ளி இறுதிப் பரீட்சையான தவ்ஜீஹியை மூன்று முறை எழுதித்தான் தேறினாள். இதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. பள்ளிக்குப் புதிதாக வேலைக்கு வரும் டீச்சர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவாள்.

"நான் மூணு தடவை எழுதினவ. காது வழியா என் மண்டைக்குள்ள ஒண்ணும் ஏறாது. என்கிட்ட ஏதாவது சொல்லணும்னா கையில குடுத்துச் சொல்லுங்க."

குஃப்ரன்ஜா என்ற மலை ஊரில், மேட்டுத் தெருவில் இருந்த பெண்கள் பள்ளி அது. நான் அங்கே அரபி சொல்லிக்கொடுத்தேன். அவள் மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்குக் கணக்கும் அறிவியலும் எடுத்தாள். இருபத்திரண்டு வருடம் ஆசிரியர் அறையில் எங்கள் மேஜைகள் ஒட்டியே கிடந்தன. குளிர்காலத்தில் மண்ணெண்ணெய் அடுப்பை நடுவே வைத்துக் காலை நீட்டிக்கொண்டு ஒரே குவளையில் தேநீர் குடித்திருக்கிறோம். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒன்றிரண்டு இடம் வந்து தட்டிப்போனது. அதன் பிறகு யாரும் கேட்கவில்லை, அவளும் அதைப் பற்றிப் பேசவில்லை. படுத்த படுக்கையாய்க் கிடந்த அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டாள். அவர் போன பிறகு அந்த வீட்டில் தனியாகவே இருந்தாள்.

அவள் வகுப்பு எடுப்பதைப் பார்க்க வேண்டும். பின்னம் சொல்லிக்கொடுக்கிற அன்றைக்கு, மெல்லிசாகச் சுட்ட பெரிய ரொட்டிகளைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வருவாள். பிள்ளைகள் கிழிப்பார்கள். பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி. நீளம் அளப்பது என்றால் முற்றத்தில் கயிறு கட்டி எல்லோரையும் நடக்க விடுவாள். மழை பெய்தால் மற்ற வகுப்புகள் ஜன்னலைச் சாத்தும். இவள் வகுப்புப் பிள்ளைகள் டின்னை எடுத்துக்கொண்டு வெளியே ஓடுவார்கள், எவ்வளவு மழை பெய்தது என்று பிடித்து அளக்க.

தலைமை ஆசிரியை இன்ஸாஃபுக்கு இது ஆகாது. ஒருநாள் தரையெல்லாம் ரொட்டித் துணுக்காகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"இது வகுப்பா, பேக்கரியா?"

"பேக்கரியாவே இருக்கட்டும் மிஸ். முக்காலும் மூணு காலும் ஒண்ணுதான்னு இன்னைக்கு முப்பத்தஞ்சு பேருக்கும் தெரியும். வேணும்னா கேட்டுப் பாருங்க."

இன்ஸாஃப் கேட்டாள். தெரிந்திருந்தது. திரும்பிப் போய்விட்டாள். அப்போது எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. என் வகுப்பில் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அவள் வகுப்பில் மணி அடித்தாலும் எழுந்திருக்க மாட்டார்கள்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் எங்களை இர்பித் நகருக்கு இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பேசியவர்கள் எந்த அமைப்பிலிருந்து வந்தார்கள் என்பது இப்போது நினைவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் கற்கும் வழி வேறு என்றார்கள். சிலர் கண்ணால் கற்பவர்கள், சிலர் காதால், சிலர் கையால். இருபது கேள்வி இருந்த ஒரு தாளைக் கொடுத்து, பிள்ளைகளிடம் கேட்டால் யார் எந்த வகை என்று தெரிந்துவிடும் என்றார்கள். எனக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கம் வந்தது. இப்திஹாலோ ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டாள். எழுதவே பிடிக்காதவள்.

திரும்பி வரும் பேருந்தில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதாள்.

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணுமில்ல மய்சூன். இத்தனை வருஷமா நான் ஒரு கழுதைன்னு நெனச்சுட்டு இருந்தேன். எங்கப்பாவும் அதைத்தான் சொன்னாரு, வாத்தியாரம்மாவும் அதைத்தான் சொன்னாங்க. இன்னைக்கு ஒருத்தன் மேடையில நின்னு, நான் கழுதை இல்ல, என் வழி வேறன்னு சொல்றான். அழாம என்ன செய்யச் சொல்ற?"

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த அழுகையில் தப்பு ஒன்றும் இல்லை. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மறுவாரமே துணிக்கடையில் மூன்று நிறத்தில் ரிப்பன் வாங்கினாள். கண்ணுக்கு நீலம், காதுக்கு மஞ்சள், கைக்குப் பச்சை. இருபது கேள்வியையும் ஒவ்வொரு பிள்ளையிடமும் உட்கார்ந்து கேட்டு, சீருடைக் கழுத்தில் ரிப்பனைக் குத்திவிட்டாள். நீலம் கேட்டு இரண்டு பிள்ளைகள் அழுததும், பிறகு கழிப்பறையில் ரகசியமாக மாற்றிக்கொண்டதும் எங்களுக்கெல்லாம் சிரிப்பாக இருந்தது. நீலப் பிள்ளைகள் பலகைக்கு முன்னால். மஞ்சள் நடுவில். பச்சை கடைசியில், ஜன்னலோரம் நீள மேஜையில். தராசு, கூழாங்கல், பயறு, பேட்டரி, ஒயர் எல்லாம் அங்கேதான் இருந்தன.

அந்த வருடம் மூன்றாம் வகுப்புக்கு வந்தவள் லுஜைன். இர்பித் பேருந்து ஓட்டும் அபூ குதைபாவின் இரண்டாவது பிள்ளை. மெலிந்த, அமைதியான பெண். வசந்தகாலம் வந்து ஆலிவ் பூத்தால் கண் இரண்டும் சிவந்துவிடும், முஷ்டியால் தேய்த்துக்கொண்டே இருப்பாள். எதைக் கொடுத்தாலும் முதலில் தடவிப் பார்ப்பாள். பிறகு முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோவாள். பலகையில் எழுதிய கணக்கு அவளுக்கு வராது. அதே கணக்கைக் கூழாங்கல்லில் கொடுத்தால் வகுப்பிலேயே முதலில் முடிப்பாள். இருபது கேள்விக்கும் அவள் சொன்ன பதிலில் பதினெட்டு 'கை' என்று வந்தது.

இப்திஹாலுக்கு அவள் மேல் உயிர். ஆசிரியர் அறையில் லுஜைன் புராணம்தான்.

"கண்ணை மூடிட்டு தானியத்தைத் தொட்டே சொல்றாடி, இது பருப்பு, இது கோதுமைன்னு. ஒயரைக் குடுத்தா ரெண்டு நிமிஷத்துல பல்பு எரியுது. இவதான் என் வகுப்புலயே சுத்தமான கை."

"அவளுக்கு வாசிக்க வரல இப்திஹால்," என்றேன் நான். "ஒரு வரியைப் படிக்கச் சொன்னா மேல் வரிக்குப் போறா, கீழ் வரிக்கு வர்றா. எழுதினா கோட்டுலயே நிக்க மாட்டேங்குது."

"பலகையைப் பார்த்து எழுதுன்னு சொல்லுவ. அது அவ வழி இல்ல. மணல்ல எழுத விடு, மாவுல எழுத்து செஞ்சு குடு."

"எனக்கு நாற்பது பிள்ளைங்க. ஒருத்திக்கு மாவு பிசைஞ்சிட்டு உட்கார முடியுமா?"

"அப்ப அவளை விட்டுடு. வாசிக்கலேன்னு அடிக்காத, திட்டாத. அது போதும்."

நான் விட்டுவிட்டேன். சோம்பேறிப் பிள்ளை என்று மனதுக்குள் எழுதிவைத்திருந்தேன். இப்திஹால் அவளைத் திறமைசாலி என்றாள், நான் சோம்பேறி என்றேன். இரண்டு பேருமே அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

அந்த வருடமே பெற்றோர் வரும் நாளில் லுஜைனின் அம்மா உம் குதைபா வந்திருந்தாள். நான் பக்கத்து மேஜையில்தான் இருந்தேன்.

"மிஸ், எம் பொண்ணு எப்படிப் படிக்கிறா?"

"தங்கமான பொண்ணு. அவ கையால கத்துக்கிற பிள்ளை. புத்தகத்தை வெச்சு அவளை நெருக்காதீங்க."

"இல்ல மிஸ், வீட்டுல டிவிக்குள்ளயே போய் உட்கார்ந்துக்கிறா. மூக்கு இடிக்கிற மாதிரி. தலைவலின்னும் சொல்றா."

"எந்தப் பிள்ளைதான் டிவியை விட்டு எழுந்திருக்குது உம் குதைபா? கண்ணைக் கசக்கறது பூத்தூளுக்கு. கோடை வந்தா சரியாயிடும். அவளைச் சமையல்ல சேர்த்துக்கோங்க, அளக்க விடுங்க, நிறுக்க விடுங்க. எவ்வளவு வேகமாப் பிடிச்சுக்கிறான்னு பாருங்க."

உம் குதைபா சந்தோஷமாகப் போனாள். டீச்சரே பாராட்டினால் எந்தத் தாய்க்குத்தான் சந்தோஷம் வராது?

கண் பரிசோதனையும் நடந்தது. நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. சுகாதார நிலையத்திலிருந்து ஒரு நர்ஸ் வந்தாள். சுவரில் அட்டையை மாட்டி, அதிலிருந்த மூன்று கால் குறி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கையால் காட்டியபடி சத்தமாகச் சொல்லச் சொன்னாள். மேலே, வலது, கீழே, கீழே, இடது. வரிசையை ஒழுங்காக நிறுத்தும் வேலை என்னுடையது. லுஜைன் வரிசையின் கடைசியில் நின்று எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"வாயை மூடு லுஜைன்," என்றேன்.

மூடிக்கொண்டாள். முன்னால் நின்ற பிள்ளைகள் எல்லோரும் சத்தமாகச் சொன்னதைக் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறாள். முறை வந்ததும் ஒரு பிழையில்லாமல் காட்டினாள். நர்ஸ் 'நன்று' என்று எழுதிக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போனாள். காதால் கேட்டதை ஒரு எழுத்து தவறாமல் பிடித்துக்கொண்ட அந்தப் பிள்ளையின் கழுத்தில் பச்சை ரிப்பன் இருந்தது.

நான்காம் வகுப்பிலும் இப்திஹாலிடம்தான் இருந்தாள். ஐந்துக்குப் போகும்போது அவள் பதிவேட்டில் இப்திஹால் தன் கையால் எழுதினாள்: 'செய்து கற்பவள். பலகையிலிருந்தோ புத்தகத்திலிருந்தோ படிக்க வற்புறுத்த வேண்டாம்.' அடுத்த வருட டீச்சர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. கூழாங்கல்லும் மாவும் யாரும் கொடுக்கவில்லை. வற்புறுத்த வேண்டாம் என்பதை மட்டும் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். கடைசி வரிசை ஜன்னலோரம் அவளுக்கு வகுப்புக்கு வகுப்பு நிரந்தரமாயிற்று. பத்தாம் வகுப்பை எப்படியோ தாண்டினாள். படிப்பு வராத பெண் என்று தையல் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மலையடிவாரத்தில் உடுப்பு தைக்கும் ஒரு தொழிற்கூடம் இருந்தது, அங்கே சேர்ந்தாள். கண் தெரியாமலேயே, விரலால் ஓரம் தடவித் தடவி, நேராகத் தைத்தாளாம். மேற்பார்வைக்காரி மெச்சினாளாம்.

பதினாறு வயதில் ஒருநாள் இயந்திர ஊசி அவள் ஆள்காட்டி விரல் நகத்தைத் துளைத்துக்கொண்டு போயிற்று. முதலுதவி செய்த பெண் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னாள். லுஜைன் அந்தத் தாளை மூக்கில் ஒட்டினாற்போல் பிடித்து, தலையைச் சாய்த்து, இடம் தேடினாள். அந்தப் பெண் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"இந்தச் சுவர்ல மணி என்ன, சொல்லு."

"சுவர்ல கடிகாரம் இருக்கா?" என்று கேட்டாள் லுஜைன்.

அப்படித்தான் இர்பிதுக்குக் கண் டாக்டரிடம் போனார்கள். கருவிழி மெலிந்து, கூம்பாகப் பிதுங்கிக்கொண்டே போகிற நோய். கசக்கக் கசக்க மோசமாகும். வலது கண்ணில் தழும்பு விழுந்துவிட்டது, மாற்றுக் கருவிழி வைத்தால்தான் உண்டு. இடது கண்ணுக்குக் கெட்டியான ஒருவகை லென்ஸ் போட்டுப் பார்க்கலாம். எட்டு வயதில் வந்திருந்தால் சொட்டு மருந்தும் கண்ணாடியும் கொடுத்து, கசக்காமல் பார்த்திருக்கலாம், பன்னிரண்டு வயதில் வந்திருந்தால்கூட அதற்கு மேல் போகாமல் நிறுத்தியிருக்கலாம் என்றாராம் டாக்டர்.

"இத்தனை வருஷம் ஸ்கூலுக்குப் போயிருக்கா. ஒருத்தர்கூட கவனிக்கலையா?"

"கவனிச்சாங்க டாக்டர்," என்றாளாம் உம் குதைபா. "அது அவ படிக்கிற விதம்னு சொன்னாங்க."

இதை உம் குதைபா மருந்துக்கடை வாசலில் வைத்து என்னிடம் சொன்னாள். சத்தம் போடவில்லை. பையிலிருந்த மருந்துப் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டியபடி சொன்னாள்.

மறுநாள் இப்திஹாலிடம் சொன்னேன். செப்டம்பர் மாதம், புது வகுப்பு வந்திருந்தது. அவள் மேஜையில் ரிப்பனை வெட்டிக்கொண்டிருந்தாள். கேட்டு முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்தாள். பிறகு கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"டிவிக்குள்ள போய் உட்கார்ந்துக்கிறான்னு அவங்கம்மா சொன்னாங்க, இல்ல?"

"சொன்னாங்க."

"நான் என்ன சொன்னேன்?"

அவளுக்கே நினைவிருந்தது.

"நீயும் வர்றியா? அவங்க வீட்டுக்கு."

"இன்னைக்கு வீட்டுல விருந்தாளிங்க வர்றாங்க," என்றேன். யாரும் வரவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

அவள் தனியாகப் போனாள். அங்கே நடந்ததை அவளும் சொன்னாள், பின்னொரு நாள் உம் குதைபாவும் சொன்னாள். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

அபூ குதைபா அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, சின்னக் கோப்பையில் கசப்புக் காபி ஊற்றிக் கொடுத்தார். அவள் வாங்கிக் குடிக்காமல் கீழே வைத்தாள். எங்கள் பக்கம் அப்படி வைத்தால் ஏதோ கேட்க வந்திருக்கிறோம் என்று பொருள். கொடுக்கிறேன் என்று வீட்டுக்காரர் சொன்ன பிறகுதான் குடிப்பது.

"காபியைக் குடிங்க மிஸ்," என்றார் அவர். "நீங்க என்ன கேட்க வந்தீங்கன்னு தெரியுது. அது என்கிட்ட இல்ல."

"நான் கேட்க வரல அபூ குதைபா. நான் செஞ்சதைச் சொல்ல வந்தேன்."

உம் குதைபா வாசற்படியில் நின்றபடியே பேசினாள். "சொல்றதுக்கு என்ன இருக்கு? எம் பொண்ணைப் பச்சைக் கயித்துல கட்டி ஜன்னல்ல போட்டீங்க. நான் படிக்காதவ. எனக்குத் தெரியாது. நீங்க படிச்சவங்கதானே? ரெண்டு கண்ணு எதுக்குன்னு உங்க புத்தகத்துல போடலையா?"

"போட்டிருந்துச்சு," என்றாள் இப்திஹால். "நான்தான் பார்க்கல."

லுஜைன் அப்பாவுக்குப் பக்கத்தில் தரை மெத்தையில் உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட விரலை மடியில் வைத்திருந்தாள்.

"ஏன் யம்மா ஒரு வார்த்தை சொல்லல?" என்று அவளிடம் கேட்டாள் இப்திஹால். "பலகை தெரியலைன்னு ஒரு தடவை சொல்லியிருக்கலாமே."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியாது மிஸ். எல்லாருக்கும் அப்படித்தான் கலங்கலாத் தெரியும்னு நெனச்சேன். நீலப் பிள்ளைங்களுக்குக் கண்ணு வேற மாதிரின்னு நெனச்சேன். நீங்கதானே சொன்னீங்க, ஒவ்வொருத்தருக்கும் ஒரு வழின்னு. எனக்குக் கை, அவங்களுக்குக் கண்ணு." விரல் கட்டைத் தடவிக்கொண்டே சொன்னாள், "எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்துச்சு மிஸ். என்னை யாரும் அதுக்கு முன்னால கெட்டிக்காரின்னு சொன்னதில்ல."

இப்திஹால் அந்தக் கோப்பையைக் குடிக்கவே இல்லை. காபி ஆறிவிட்டது. புறப்படும்போது அபூ குதைபா வாசல்வரை வந்தார்.

அடுத்த நாள் பள்ளிக்கு வந்ததும் ரிப்பன் பெட்டியைக் குப்பைத்தொட்டியில் கொட்டினாள். பிள்ளைகளுக்குக் காரணம் சொல்லவில்லை. பழைய பதிவேடுகள் இருந்த அலமாரியைத் திறந்து எட்டு வருடத்துப் பெயர்களை எழுத ஆரம்பித்தாள். பச்சைப் பிள்ளைகள், மஞ்சள் பிள்ளைகள், நீலப் பிள்ளைகள் எல்லோரையும். பள்ளி விட்டதும் ஒவ்வொரு வீடாகப் போய்க் கதவைத் தட்டினாள்.

"உங்க பொண்ணுக்குக் கண்ணு காட்டியிருக்கீங்களா? காது? பின்னால நின்னு கூப்பிட்டா திரும்பறாளா?"

ஊர் சும்மா இருக்குமா? "இந்த மிஸ் வீட்டுக்குள்ள வந்தா கண்ணு போயிடும்" என்று பேசினார்கள். சந்தையில் ஒரு பெண் எல்லோர் முன்னாலும் கேட்டாள், "என்ன மிஸ், இன்னைக்கு என்ன நிறம்?" சில வீடுகளில் கதவே திறக்கவில்லை. ஆசிரியர் வீடு வீடாகப் போய்ப் பீதி கிளப்புவதாக யாரோ புகார் கொடுக்க, விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. இன்ஸாஃப் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"போதும் இப்திஹால். தெரியாம நடந்தது. நீயே பறையடிச்சுட்டுப் போனா ஸ்கூல் பேரு என்ன ஆகறது?"

"ஸ்கூல் பேரு இருக்கும் மிஸ். ரெண்டாவது லுஜைன் இருந்தா நான் என்ன செய்வேன்?"

இருந்தாள். மலாக் என்ற பெண், அப்போது ஆறாம் வகுப்பு. சிறுவயதில் சீழ் வடிந்து இடது காது போயிருந்தது. வகுப்பில் சொன்னதைக் கேட்காமல் மற்றவர்களைப் பார்த்துப் பார்த்தே செய்ததால் நீல ரிப்பன் வாங்கியவள். வலது காதிலும் சீழ் தொடங்கியிருந்தது. அதை மருந்தில் நிறுத்திவிட்டார்கள். அந்தப் பிள்ளையின் பாட்டனார் ஒரு தகரம் ஆலிவ் எண்ணெயுடன் இப்திஹால் வீட்டுக்கு நன்றி சொல்லப் போனார். அவள் தகரத்தை வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டாள்.

பாடம் எடுப்பதும் மாறிவிட்டது. ரொட்டி கொண்டுவருவதை நிறுத்தினாள். பலகையில் எழுதி, எல்லோரையும் வாசிக்கவைத்து, காப்பி எழுதவைத்தாள். எங்களைப் போலவே. ஒருநாள் நான் பொறுக்காமல் கேட்டேன்.

"கயிறும் தராசும் என்ன தப்பு பண்ணிச்சு? அது நல்லாத்தானே இருந்துச்சு."

"நல்லாத்தான் இருந்துச்சு. அதை எல்லாருக்கும் குடுத்திருக்கணும். பலகையையும் எல்லாருக்கும் குடுத்திருக்கணும்." மேஜையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு என் கதையைத்தான் அவகிட்ட பார்க்கத் தெரிஞ்சுது மய்சூன். சின்ன வயசுல நான் பட்டதை அவ படக் கூடாதுன்னு நெனச்சேன். அவ பட்டது வேற."

அந்தக் குளிர்காலத்தில் லுஜைனுக்கு இடது கண்ணில் லென்ஸ் பொருத்தினார்கள். டாக்டர் அறையை விட்டு வெளியே வந்து, எதிர்ச் சாரியிலிருந்த மரத்தைப் பார்த்து, "இலை தனித்தனியா இருக்கு" என்று அம்மாவிடம் சொன்னாளாம். பிறகு ஒரு கடைக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாளாம். உம் குதைபா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது.

இப்திஹால் மறுபடி அந்த வீட்டுக்குப் போய், வாசிக்கச் சொல்லித்தரட்டுமா என்று கேட்டாள். உம் குதைபா மறுத்தாள். லுஜைன் வருகிறேன் என்றாள். தையல் கூடம் விட்டு மாலையில் வாரம் மூன்று நாள் இப்திஹால் வீட்டுக்கு வந்தாள். பதினேழு வயதுப் பெண், ஒன்றாம் வகுப்புப் புத்தகம். ஒரு வரியை முடிப்பதற்குள் வியர்த்துப்போகும். தூசி பட்டால் லென்ஸ் உறுத்தும். கழற்றிவிட்டால் மறுபடி எல்லாம் கலங்கல். ஆறு வாரம் ஓடியது. ஏழாவது வாரம் புத்தகத்தை மூடி வைத்தாள்.

"போதும் மிஸ். என்னால முடியல. எழுத்து தெரியுது, உள்ள போகல. வயசு போயிடுச்சு."

"இன்னும் ஒரு மாசம் பாக்கலாம் யம்மா."

"நாள் பூரா தைச்சுட்டு வந்து இதைப் படிச்சா தலை வெடிக்குது. நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான் இவ்வளவு நாள் வந்தேன்."

இப்திஹால் அவளை இறக்கம் முடியும் வரை கூடவே போய் விட்டுவிட்டு வந்தாள். அதற்கடுத்த வருடம் முன்கூட்டியே ஓய்வு எடுத்துக்கொண்டாள். வழியனுப்பு விழா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நான் அவ்வப்போது போய்ப் பார்ப்பேன். தேநீர் போடுவாள், அத்திமரத்துக்குத் தண்ணீர் விடுவாள், பேச்சு அதிகம் இருக்காது. இரண்டாயிரத்து இருபத்துமூன்றில், ஜனவரியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தபோது, நெஞ்சு அடைத்து இறந்துபோனாள். பக்கத்து வீட்டுக்காரிதான் பார்த்தாள். ஐம்பத்தொரு வயது.

துக்கம் கேட்கும் மூன்று நாளும் பெண்கள் பக்கம் நான்தான் இருந்து கவனித்தேன். ஸர்காவிலிருந்து அவள் தங்கை வந்திருந்தாள். பழைய மாணவிகள் நிறையப் பேர் வந்தார்கள். இரண்டாம் நாள் மதியம் உம் குதைபாவும் லுஜைனும் வந்தார்கள். உம் குதைபா பேரீச்சம்பழம் ஒன்றை எடுத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள். லுஜைன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வளர்ந்து, அழகான பெண்ணாகியிருந்தாள். இடது பக்கம் திரும்பித்தான் என்னைப் பார்த்தாள்.

"நீ வருவேன்னு நான் எதிர்பார்க்கல," என்றேன்.

"ஏன் மிஸ்?"

"உனக்கு அவ மேல கோபம் இருக்கும்னு நெனச்சேன்."

"இருந்துச்சு. அந்தப் புத்தகத்தை மூடின அன்னைக்கு ரொம்ப இருந்துச்சு." கையிலிருந்த காபியைக் குடித்து முடித்துக் கோப்பையைத் தட்டில் வைத்தாள். "எனக்குப் பன்னெண்டு டீச்சருங்க மிஸ். உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். கண் பார்க்க வந்த நர்ஸைச் சேர்த்தா பதிமூணு. எங்க வீட்டுக்கு வந்து, நான்தான் செஞ்சேன்னு சொன்னவங்க அவங்க ஒருத்தர்தான்."

என் பெயரை அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. நான் எழுந்து, வந்தவர்களுக்கு ஊற்றுகிறவள்போல் காபிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். திரும்பி வந்தபோது அவர்கள் போயிருந்தார்கள்.

இப்போது அவள் அதே தொழிற்கூடத்தில்தான் வேலை செய்கிறாள். தூசியில் லென்ஸ் நிற்பதில்லை, பாதி நாள் அதைப் பெட்டியிலேயே வைத்துவிட்டுப் போகிறாள் என்று உம் குதைபா சொன்னாள். வலது கண்ணுக்கு அம்மானில் ஒரு ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்திருக்கிறார்கள். கருவிழி கிடைத்ததும் கூப்பிடுகிறோம் என்றார்களாம். அபூ குதைபா வண்டி ஓட்டும்போதுகூடத் தொலைபேசியை முன்னாலேயே, கண்ணில் படும்படி வைத்திருக்கிறார். இன்னும் கூப்பிடவில்லை.